லியோன் நகரில் அன்றாட வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் லியோன் நகருக்குப் படிப்பதற்கோ வேலைக்கோ வரவிருக்கும் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், இங்கே குடியிருந்து பார்த்த அளவில் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். இது சுற்றுலா வழிகாட்டி அன்று. வாடகை வீடு, ரொட்டிக்கடை, மருத்துவர், ஞாயிற்றுக்கிழமை ஆகியவற்றைப் பற்றியதுதான் பெரும்பகுதியும். இந்நகரில் வாழ்வது கடினம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதற்கும் ஒரு நேரமும் ஒரு தாளும் உண்டு என்பதை முதல் மாதத்திலேயே புரிந்துகொண்டவர்களுக்கும், பிறகு புரிந்துகொண்டவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாட்டைப் பார்த்திருக்கிறேன்.

லியோன் எப்படிப்பட்ட ஊர்? பாரிசைப் போலத்தான் இருக்குமா?

இல்லை. ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் நகருக்குள்ளேயே ஓடித் தெற்கே ஒன்றாகக் கலக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியான பிரெஸ்கீல்தான் நகரின் மையம். பெல்கூர் சதுக்கமும் கடைவீதிகளும் அங்கேதான் இருக்கின்றன. சோன் ஆற்றுக்கு மேற்கே, தேவாலயம் உச்சியில் நிற்கும் ஃபூர்வியேர் குன்று. வடக்கே, ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் நிறைந்திருந்த குருவா ரூஸ் குன்று. நகராட்சி எல்லைக்குள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே வாழ்கிறார்கள். நகரம் ஒன்பது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அஞ்சல் குறியீட்டின் கடைசி எண்ணே வட்டார எண். 69007 என்றால் ஏழாவது வட்டாரம். வீடு தேடும்போது பலரும் பார்க்கத் தவறும் வில்லர்பான் தனி நகராட்சி. ஆனால் மெட்ரோவில் போனால் எல்லையைக் கடந்ததே தெரியாது.

பாரிசுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத் தொலைவு இந்த ஊருக்கு நல்லதையே செய்திருக்கிறது என்பது என் எண்ணம்: பெருநகர வசதிகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இந்தப் புகாரைச் சொல்பவர்களில் பாதிப்பேர் கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்லாதவர்கள். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பேருந்தின் முன்வாசல், மருத்துவரின் காத்திருப்பு அறை, அடுக்ககத்தின் மின்தூக்கி என எங்கே நுழைந்தாலும் முதலில் “போன்ஜூர்” சொல்ல வேண்டும், மாலையானால் “போன்சுவார்”. நம் ஊரில் கடைக்காரரைப் பார்த்ததும் “அண்ணே, அரைக்கிலோ தக்காளி” என்று தொடங்குவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, “அண்ணே” என்ற விளியே வணக்கமாகிவிடுகிறது. இங்கே வணக்கம் சொல்லாமல் வேண்டியதைக் கேட்டால், கேட்டது கிடைக்கும், ஆனால் முகம் இறுகிவிடும். சிலர் நீங்கள் கேட்டதையே காதில் வாங்காமல், அழுத்தமாக ஒரு “போன்ஜூர்” சொல்லிவிட்டு, நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பார்கள். வெளியேறும்போது நன்றியும் விடையும் சொல்வதும் இதே அளவுக்கு எதிர்பார்க்கப்படுகிறது.

அக்கம்பக்கத்தார் வணக்கத்தோடு நின்றுகொள்வார்கள். சம்பளம் எவ்வளவு, திருமணம் ஆகிவிட்டதா, ஏன் குழந்தை இல்லை போன்ற கேள்விகளை யாரும் கேட்கமாட்டார்கள்; இது எனக்குப் பெரிய நிம்மதி. அதே அமைதி, தனியாக வந்த மாணவர்களைக் குளிர்காலத்தில் வாட்டுகிறது என்பதையும் மறைக்க முடியாது. சங்கம், நூலக வாசிப்புக் குழு, விளையாட்டுக் கழகம் என வாரத்துக்கு ஒருமுறை ஒரே முகங்களைப் பார்க்கும் ஏதேனும் ஒன்றில் செப்டம்பரிலேயே சேர்ந்துவிடுங்கள். இவற்றின் சேர்க்கை பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் நடக்கிறது.

வாடகை வீடு கிடைப்பது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது?

வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் தாள்களைப் பார்க்கிறார்கள். கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் அல்லது மாணவர் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், வரி அறிக்கை, இவற்றோடு வாடகை தவறினால் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் பொறுப்பாளர் ஒருவர். இந்தக் கோப்பு நிறைவாக இருப்பவருக்கே வீடு. மாத வருமானம் வாடகையைப்போல் மூன்று மடங்காக இருக்க வேண்டும் என்பது சட்டமன்று, ஆனால் முகவர்கள் அதைச் சட்டம்போலவே நடத்துகிறார்கள். புதிதாக வருபவருக்குப் பிரான்சில் பொறுப்பாளர் எங்கிருந்து கிடைப்பார்? அதற்காகவே விசால் என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது; 30 வயது வரையுள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்கும். வீடு தேடத் தொடங்குமுன் அதற்கு விண்ணப்பித்து, ஒப்புதல் சான்றைக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.

முன்பணத்துக்கு உச்சவரம்பு உண்டு: தட்டுமுட்டு இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, தட்டுமுட்டுடன் கூடியதற்கு இரண்டு மாதம். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாததாகத் தோன்றும். லியோனிலும் வில்லர்பானிலும் 2021 நவம்பர் முதல் வாடகைக் கட்டுப்பாடும் நடைமுறையில் இருக்கிறது; ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தத் தெருவுக்கான உச்ச வாடகையைச் சரிபார்ப்பது உங்கள் உரிமை. வீட்டைப் பார்க்காமலேயே பணம் அனுப்பச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைக்கும் மோசடி இது ஒன்றே ஆண்டுதோறும் மாறாமல் நடக்கிறது.

சாவி வாங்கும் நாளில் சுவர், தரை, குழாய், சன்னல் என்று ஒவ்வொன்றின் நிலையையும் இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடுவார்கள். இதை அவசரமாக முடிக்கக் கூடாது. ஒரு கீறல் இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது. வீட்டுக் காப்பீடும் கட்டாயம்.

குருவா ரூஸ் குன்றில் வீடு பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அங்குள்ள பழைய வீடுகளில் கூரை ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கும், சன்னல்களும் நெடியவை. 19ஆம் நூற்றாண்டில் நெசவாளர்கள் தறியை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வேலை செய்ததால் அப்படிக் கட்டினார்கள். காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் இருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதற்குப் பெயர் தந்த ஜோசப் மரி ஜக்கார்டு இந்த ஊர்க்காரர். அவருடைய தறி நிற்க அந்த உயரம் தேவைப்பட்டது. வீடு பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். சனவரி மாதச் சூடேற்றுக் கட்டணம் வரும்போதுதான் அந்த நான்கு மீட்டரின் விலை தெரியும். பல கட்டடங்களில் மின்தூக்கியும் கிடையாது. தரைத்தளத்தை எண்ணாமல் அதற்கு மேலுள்ளதிலிருந்தே மாடிகளை எண்ணுவதால், “ஐந்தாவது மாடி” என்றால் ஐந்து படிக்கட்டு ஏற்றம்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அலுவலகங்களில் என்ன செய்வது?

தமிழர்களுக்கு இங்கே உள்ள தனிச்சிக்கல் இதுதான் என்பேன். எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும், இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் நம் வழக்கம் இந்தக் கட்டங்களில் அடங்குவதில்லை. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக விரிந்திருந்தால், மருத்துவமனையிலும் வங்கியிலும் உங்களை “திருவாளர்” சேர்த்து உங்கள் அப்பாவின் பெயரால் அழைப்பார்கள். சில மாதங்களில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிடுவீர்கள்.

மணமான பெண்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பின்போது பெற்ற பெயரே வாழ்நாள் முழுவதும் ஒருவரின் சட்டப்பெயர்; கணவர் பெயரைப் பயன்பாட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கடவுச்சீட்டில் கணவர் பெயரும் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயரும் இருந்தால், இவர்கள் இருவரும் ஒருவரா என்ற ஐயம் ஒவ்வொரு அலுவலகத்திலும் எழும். ஆகவே ஊரிலிருந்து கிளம்புமுன் பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் எடுத்து, இந்தியாவிலிருந்து வருபவர்கள் அவற்றுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பை இங்கே வந்து, மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் உள்ள உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்வதே நல்லது. வங்கி, வாடகை ஒப்பந்தம், சமூகக் காப்பீடு எல்லாவற்றிலும் பெயரை ஒரே வரிசையில், ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

நீண்டகால விசாவில் வருபவர்கள் வந்திறங்கிய மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிப்படுத்திக் கட்டணம் செலுத்த வேண்டும். வீடு தேடும் பரபரப்பில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைகள் எப்போது திறந்திருக்கும்?

நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்தில் திறந்திருக்காது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உணவுப்பொருள் விற்பவை பகல் ஒரு மணிவரை இயங்கும். திங்கட்கிழமை பல சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விடுமுறை. சோன் கரையில் சேன்த் அந்துவான் துறையிலும் குருவா ரூஸ் பெருஞ்சாலையிலும் கூடும் காய்கறிச் சந்தைகளும் திங்களன்று இல்லை, மற்ற நாட்களில் காலையில் மட்டுமே. பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே அலுவலகங்களில் ஆள் இருக்கமாட்டார்கள். உணவகங்களில் பகலுணவு அந்த இரண்டு மணி நேரத்தில்தான். இரண்டரை மணிக்குப் பசியோடு போனால் சமையலறை மூடிவிட்டது என்பார்கள், இரவு உணவு ஏழு மணிக்குப் பிறகே தொடங்கும். எந்த நேரத்திலும் சுடச்சுட ஏதாவது கிடைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி.

ஆகஸ்டு மாதம் இன்னும் வேறு. சட்டப்படி எல்லோருக்கும் ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை இருப்பதால், ரொட்டிக்கடைக்காரர், முடிதிருத்துபவர், மருத்துவர் என்று பலரும் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு இரண்டு மூன்று வாரங்களுக்குப் போய்விடுவார்கள். மே 1 அன்று ஊரே நின்றுவிடும். பேருந்து, மெட்ரோ போக்குவரத்தும் மிகவும் குறைந்துவிடும் என்பதால் அன்று விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இது சோம்பல் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. கடையில் நிற்பவருக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு என்பதை இந்த ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடாக நாம் சனிக்கிழமையே பால் வாங்கிவிட வேண்டும்.

சைவ உணவு உண்பவர்கள் சமாளிக்க முடியுமா?

லியோன் பிரான்சின் உணவுத் தலைநகரம் என்று பெயர்பெற்றது. எழேனி பிராசியே என்ற பெண் சமையலர் 1933இல் தம் இரண்டு உணவகங்களுக்கும் மிஷெலின் உணவக வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று விண்மீன்களைப் பெற்றது இந்த ஊரின் பெருமை. ஆனால் “புஷோன்” எனப்படும் இவ்வூர் மரபு உணவகங்களின் பட்டியல் பன்றிக்குடல், கன்றின் ஈரல், ஆற்றுமீன் மாவில் செய்த கெனெல் என்றே போகும். சாலட்டிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீன் வரும். பூண்டும் பச்சை மூலிகைகளும் கலந்த செர்வெல் த கனு என்ற மென்மையான பாலாடைக்கட்டியும், உருளைக்கிழங்கும், ரொட்டியும் துணை. பட்டுச்சிவப்பில் மின்னும், சர்க்கரையில் தோய்ந்த வாதுமைப் பருப்பைப் பரப்பிச் செய்த பிரலீன் பலகாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டையையும் தவிர்ப்பவர்களுக்கு இனிப்புக்கடையில் தேர்வு மிகக் குறைவு.

கடந்த சில ஆண்டுகளில் இளைஞர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் பெருகியுள்ளன. உணவு அரசியல் ஓயவில்லை என்பதும் உண்மை: 2021 பிப்ரவரியில் நகராட்சி, கொரோனா காலத்தில் வரிசையை விரைவுபடுத்துவதற்காக என்று சொல்லிப் பள்ளி உணவில் இறைச்சியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, மத்திய அமைச்சர்களே எதிர்த்துப் பேசினார்கள், விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து நின்றார்கள். அந்த உணவில் மீனும் முட்டையும் இருந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

உணவகத்தில் தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு குடுவைக் குழாய்நீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. ரோன் ஆற்றை ஒட்டிய நிலத்தடி நீரிலிருந்து வரும் லியோனின் குழாய்நீர் குடிக்க நன்றாகவே இருக்கிறது.

மளிகைச் சாமான்?

கியோத்தியேர் பகுதிக்குப் போங்கள். பருப்பு, அரிசி, தேங்காய்ப்பால், மசாலைப் பொருட்கள் எல்லாம் அங்குள்ள ஆசியக் கடைகளிலும், ஓர் ஆர்மீனியக் குடும்பம் 1929இல் தொடங்கிய பகதூரியன் கடையிலும் கிடைக்கும். மற்றவற்றுக்குப் பாரிஸ் போகும்போது தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பல் பகுதியில் வாங்கிவருவதே இங்குள்ளோர் வழக்கம்.

போக்குவரத்து எப்படி? வேலைநிறுத்தங்கள் அடிக்கடி நடக்குமா?

மெட்ரோவில் நான்கு தடங்கள். 1978இல் தொடங்கிய இந்த மெட்ரோவின் டி தடத்தில் ஓட்டுநர் இல்லை. முதல் பெட்டியின் முன்சன்னலுக்குக் குழந்தைகள் போட்டியிடுவார்கள். சி தடம் பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு குருவா ரூஸ் குன்றில் ஏறுகிறது. ஃபூர்வியேருக்கு இழுவை ரயில். வாடகை மிதிவண்டித் திட்டமான வெலோவ் 2005இலேயே, பாரிசுக்கு முன்னதாக இங்கே வந்துவிட்டது. ரோன் கரையோரப் பாதையில் அதை ஓட்டிப் போவது இந்த ஊரின் மலிவான இன்பங்களில் முதலாவது. வேலைக்குப் போகிறவர்கள் மாதச் சீட்டின் விலையில் பாதியைத் தரவேண்டியது முதலாளியின் கடமை என்பதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

வேலைநிறுத்தம் உண்டு. ஆனால் அதற்கும் நேரமும் தாளும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்கேற்கும் போக்குவரத்து ஊழியர் 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்பது முந்திய நாளே பயணிகளுக்கு அறிவிக்கப்படும். முந்திய நாள் மாலையில் செயலியைப் பார்த்துவிட்டுத் தூங்கினால் போதும்.

உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் போவது?

நேராகச் சிறப்பு மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ போவது நம் பழக்கம். இங்கே முதலில் “உங்கள் மருத்துவர்” என்று ஒரு பொது மருத்துவரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொது மருத்துவர் கட்டணம் 2024 டிசம்பர் இறுதி முதல் 30 யூரோ. பதிவு செய்தவருக்கு அதில் 70 சதவீதம், 2 யூரோ கழிவு போக, 19 யூரோவாகக் காப்பீட்டிலிருந்து திரும்பி வரும். பதிவில்லாதவருக்கு 30 சதவீதமே. பதிவு செய்தவருக்கு அந்த 2 யூரோ தவிர மிச்சத்தைத் துணைக் காப்பீடு ஏற்கும், வேலையில் இருப்பவர்களுக்கு அந்தத் துணைக் காப்பீட்டின் சந்தாவில் குறைந்தது பாதியை நிறுவனம் கட்டும். புதிய நோயாளிகளை ஏற்கும் மருத்துவரைக் கண்டுபிடிக்கவே நாளாகும் என்பதால், நலமாக இருக்கும்போதே தேடிவையுங்கள். அவசரத்துக்கு 15 என்ற எண். காய்ச்சல் என்று போனால் ஊசி போடமாட்டார்கள். பாராசிட்டமாலும் ஓய்வும் சொல்லி அனுப்புவார்கள்.

சமூகக் காப்பீட்டு எண்ணின் முதல் இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. அடுத்து பிறந்த ஆண்டும் மாதமும். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அதன்பின் 99 வரும். அதை மனப்பாடம் செய்து வைத்தால் பல வரிசைகளில் நேரம் மிச்சம்.

குளிர் அதிகமா?

குளிரைவிட இருட்டுதான் புதியவர்களைச் சோர்வடையச் செய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். பனி எப்போதாவதுதான் பொழியும், மூடுபனி அடிக்கடி. கோடையைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2003இலும் 2023இலும் 40 டிகிரியைத் தாண்டியது, வீடுகளில் குளிர்பதனமோ மின்விசிறியோ பொதுவாக இருக்காது. காலை எட்டு மணிக்கே சன்னல் மரக்கதவுகளை அடைத்து, இரவில் திறக்கும் இவ்வூர் வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

டிசம்பர் 8 அன்று ஏன் சன்னல்களில் விளக்கு வைக்கிறார்கள்?

1852இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலையை நிறுவும் விழா செப்டம்பர் 8க்குக் குறிக்கப்பட்டிருந்தது. சோன் ஆற்று வெள்ளத்தால் சிலை உரிய நாளில் முடியவில்லை, விழா டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றும் புயல் மிரட்டியது. மாலையில் வானம் தெளிந்ததும் மக்கள் தாங்களாகவே சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இன்று அது நான்கு நாள் ஒளிவிழாவாக வளர்ந்து, இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பெரிய ஒளிக்காட்சிகளில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, கூட்டத்தில் மெட்ரோ நிலையங்களையே மூடவேண்டியிருக்கிறது. வண்ணக் கண்ணாடிக் குவளையில் சிறு மெழுகுவர்த்தி வைத்துச் சன்னல் விளிம்பில் வரிசையாக ஏற்றும் வீட்டு வழக்கம் மட்டும் கார்த்திகை தீபத்தோடு வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாதது; இரண்டும் சில ஆண்டுகளில் ஒரே வாரத்திலும் வரும்.

ஆங்கிலம் போதுமா?

ஆய்வுக்கூடத்திலும் மென்பொருள் நிறுவனத்திலும் போதும். வாடகை முகவரிடமும், குழாய் பழுதுபார்ப்பவரிடமும், அரசு அலுவலகத்திலும் போதாது.

குழந்தைகள் பள்ளியில் தடுமாறுவார்களா?

பெற்றோர் அளவுக்குத் தடுமாறமாட்டார்கள். 2019 முதல் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, உங்கள் வட்டார நகராட்சி அலுவலகத்தில் முகவரிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கொடுத்துப் பதிவு செய்யலாம். மொழி தெரியாமல் வரும் பெரிய பிள்ளைகளுக்குத் தனி பிரெஞ்சு வகுப்பு உண்டு. இரண்டாம் ஆண்டில் வீட்டிலும் அவர்கள் பிரெஞ்சில் பதில் சொல்லத் தொடங்குவார்கள். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், பாரிசைப்போல ஒரு தெருவையே தமதாக்கும் அளவுக்கு அல்ல. போரால் இலங்கையைவிட்டு வந்தவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்கள், அண்மையில் படிக்கவும் வேலைக்கும் வந்தவர்கள் என மூன்று தலைமுறை அனுபவங்கள் ஒரே ஊரில் இருக்கின்றன. இங்கே தாள் வேலை எதிலும் முதலில் கேட்கவேண்டியது பழைய தலைமுறையிடம்தான். இணையத்தில் கிடைக்காத விவரம் அவர்களிடம் இருக்கும். ஆகஸ்டு இறுதியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத் தேருக்குப் பலர் சேர்ந்து ரயிலேறுவார்கள்.

புதன்கிழமை நண்பகலில் அபாயச் சங்கு ஒலித்தது. என்ன செய்ய வேண்டும்?

மாதத்தின் முதல் புதன்கிழமை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். நாடு முழுவதும் அன்று நண்பகலை ஒட்டிச் சங்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். குண்டுவீச்சைக் கண்டு வந்த முதியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த ஒலி அவர்களுக்கு வேறு பொருள் தரும். சோதனை ஒலி 1 நிமிடம் 41 விநாடியோடு நின்றுவிடும். அதே ஒலி சிறு இடைவெளி விட்டு மூன்று முறை எழுந்தால் அது உண்மையான எச்சரிக்கை: உள்ளேயே இருந்து, சன்னல்களை மூடி, பிரான்ஸ் இன்ஃபோ அல்லது “இசி” (2025 வரை இதன் பெயர் பிரான்ஸ் புளூ) வானொலியைக் கேளுங்கள், குழந்தையை அழைத்துவரப் பள்ளிக்கு ஓட வேண்டாம், ஆசிரியர்கள் அவர்களை உள்ளேயே வைத்திருப்பார்கள்.